ஆமா சொல்ல வேண்டியவன்

பேரம் பேசுவதில் என் மனைவி சங்கரேஸ்வரியை அடித்துக்கொள்ள தாராவியில் ஆள் கிடையாது. அவளைக் கண்டதும் காய்கறிக்காரன் தராசை மூடிவைக்கிறான் என்று கேலி செய்வேன். அதெல்லாம் பழைய கதை. இப்போது நான் எதுவும் சொல்வதில்லை. பட்டறையில் தோல் வெட்டிக்கொண்டிருந்தபோது தலைக்குள் எங்கோ இரத்தம் அடைத்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் அதோடு போயிற்று. காது நன்றாகக் கேட்கிறது, புத்தியும் தெளிவாகத்தான் இருக்கிறது. வாய் மட்டும் இன்னொருத்தன் வாய் மாதிரி முகத்தில் கிடக்கிறது.

அவளுடைய பெரிய வித்தையெல்லாம் டிஷ் கம்பெனிக்காரர்களிடம்தான். எங்கள் சந்தில் யார் வீட்டு டிவிக்கு ரீசார்ஜ் முடிந்தாலும் போனைத் தூக்கிக்கொண்டு அவளிடம் வந்துவிடுவார்கள். அவள் விலையைப் பற்றி வாயே திறக்கமாட்டாள். கனெக்‌ஷன் வேண்டாம், வெட்டிவிடுங்கள் என்பாள். உடனே அவர்கள் போனை வேறு ஒருவனுக்கு மாற்றுவார்கள். விட்டுப்போகிறவர்களைக் கெஞ்சிப் பிடித்துவைப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவன் அவன். முதலில் ஒரு சலுகை சொல்வான். இவள் போனில் கேட்கும்படி கொட்டாவி விடுவாள். மேலிடத்தில் கேட்கிறேன் என்று பாட்டுப் போட்டுவிட்டுப் போவான். இவள் அதற்குள் அரிசி களைந்துவிடுவாள். திரும்பி வந்து இன்னும் குறைப்பான். தேவ்நாரில் என் தங்கச்சி வீட்டில் இதைவிடக் கம்மிதானே என்பாள். தேவ்நாரில் அவளுக்குத் தங்கச்சியே கிடையாது.

நான் படுத்த பிறகு எங்கள் வீட்டில் டிவி நாள் முழுக்க ஓடியது. தமிழ்ச் சீரியல்களில்தான் என் உயிர் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அவள் நம்பினாள். பாவம். அதில் யாருக்கு யார் விஷம் வைக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை. எனக்கு வேண்டியது அதன் சத்தம். எங்களுடையது ஒற்றை அறை. இந்தப் பக்கம் நான் இருமினால் அந்தப் பக்கம் அடுத்த வீட்டுப் பேராச்சி, சுடுதண்ணி குடிங்க அண்ணாச்சி என்று குரல் கொடுப்பாள். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு கிழவன் குழந்தை மாதிரி பேசிப் பழகுவது எனக்கு வெட்கமாக இருந்தது. அதனால் டிவி சத்தத்துக்கு அடியில் ஒளிந்துகொண்டு பழகினேன்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுத்தவள் ஒரு மராத்திப் பெண். மூச்சை விடும்போது ஆ என்று சொல்லுங்கள், பிறகு உதட்டை மூடித் திறந்து மா என்று சொல்லுங்கள் என்றாள். தனக்குத் தெரியாமலே எனக்கு ஒரு முழு வார்த்தையைக் கொடுத்துவிட்டாள். ஆமா. குடும்பம் நடத்த ஒருத்தனுக்கு இது போதாதா? கல்யாணம் ஆன நாளிலிருந்து சங்கரேஸ்வரியிடம் நான் வேறு என்னத்தைச் சொல்லியிருக்கிறேன்?

அந்த வார்த்தை எனக்கு அவசரமாக வேண்டியிருந்தது. எங்கள் ஒரே மகன் முத்துசெல்வம் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். எனக்கு இப்படி ஆனது அவனுக்குத் தெரியாது. தெரிந்தால் அடுத்த விமானத்தில் ஏறிவிடுவான். ஒப்பந்தம் பாதியில் போய்விடும், பிறகு அந்த நாட்டுப் பக்கமே போக முடியாது. வெள்ளிக்கிழமைதோறும் போன் செய்வான். முகம் பார்த்துப் பேசுகிற வீடியோ காலுக்கு அங்கே தடை, வெறும் குரல்தான். அப்பா எங்கே என்பான். பட்டறைக்குப் போயிருக்கிறார், குளிக்கிறார், தூங்குகிறார் என்று இவள் ஏதாவது சொல்வாள். போன வெள்ளிக்கிழமை அவன் விடவில்லை.

"எழுப்பும்மா. அப்பா ஒரே ஒரு வார்த்த பேசட்டும். இல்லன்னா நான் லீவு எழுதிக் குடுத்துட்டு வந்துருவேன்" என்றான்.

லைன் சரியில்லை என்று சொல்லி அவள் போனை வைத்துவிட்டாள். பிறகு அடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்தே இருந்தாள். நான் மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். ஒரே ஒரு வார்த்தைதானே, என்னிடம் அது முக்கால்வாசி இருந்தது. ஆ வந்துவிட்டது. உதட்டை மூடித் திறப்பதற்குத்தான் டிவியில் ஒரு விளம்பரம் ஓடி முடிகிற நேரம் ஆனது. அரைகுறையாகக் காட்டி அவளுக்கு ஆசை காட்ட வேண்டாம், முழுசாக வரட்டும் என்று பொத்திவைத்திருந்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் ரீசார்ஜ் முடிந்தது. திரையில் ஒரு கட்டம் வந்து நின்றது, வீடு நிசப்தமாகிவிட்டது. எனக்கு மூச்சு முட்டியது. என் முகத்தைப் பார்த்தவள், சீரியல் போச்சே என்று நான் தவிப்பதாக நினைத்து அப்போதே போனை எடுத்துவிட்டாள். வேடிக்கை பார்க்கப் பேராச்சியும் இன்னும் இரண்டு பெண்களும் வாசலில் வந்து நின்றார்கள்.

அன்று அவள் பேசிய பேரத்தைப் போல நான் கேட்டதில்லை. "அரே பையா, கட் கர்தோ நா" என்று, வெட்டிவிடு தம்பி என்பதை இந்தியில் சாவகாசமாக ஆரம்பித்தாள். கொட்டாவி, தங்கச்சி, பாட்டு, அரிசி எல்லாம் முறைப்படி நடந்தது. கடைசியில் தமிழ் பேக் பாதி விலைக்கு இறங்கியது, யாரும் கேட்காத ஒரு பஜனை சேனலும் கூடவே வந்தது. வாசலில் நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அப்போதுதான் போனில் இருந்த கம்பெனிப் பையன் சொன்னான். இவ்வளவு குறைத்துக் கொடுப்பதால், கனெக்‌ஷன் யார் பெயரில் இருக்கிறதோ அவரே சம்மதம் சொல்ல வேண்டும், அதைப் பதிவு செய்துகொள்வோம். தளவாய் சாரிடம், அதாவது என்னிடம், போனைக் கொடுங்கள், எந்த மொழியில் சொன்னாலும் சரி, ஆமா என்று ஒரு வார்த்தை போதும்.

சங்கரேஸ்வரியின் முகம் விழுந்துவிட்டது. எனக்கோ உள்ளே தீபாவளி. போனைக் கொண்டு வா என்று இடது கையை ஆட்டினேன். அவள் ஸ்பீக்கரைப் போட்டு என் வாயருகே பிடித்தாள். உங்களுக்குச் சம்மதமா சார் என்று பையன் கேட்டான். நான் மூச்சை இழுத்தேன். ஆ தொண்டைக்கு வந்து நின்றது, உதடு நடுங்கியது. பையன் ஹலோ என்றான். கொஞ்சம் பொறுடா என்று மனசுக்குள் கெஞ்சினேன். மறுபடி ஹலோ சார் என்றான், பதில் வராவிட்டால் கால் கட் ஆகிவிடும் என்றான். அவள் என் கோணிய வாயையும் வழிந்த எச்சிலையும் பார்த்தாள். சட்டென்று போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ம்... ஆமா" என்றாள்.

என் குரல் அது. பட்டறையிலிருந்து களைத்து வந்தவனிடம் ஏதாவது கேட்டால், கேள்வி முடிவதற்குள் ஒரு முனகலோடு எரிச்சலாக நான் சொல்கிற ஆமா. இத்தனை வருஷம் கேட்டுக்கேட்டு அதை அப்படியே தொண்டைக்குள் வைத்திருந்திருக்கிறாள். பையன் எனக்கு நன்றி சொல்லிவிட்டு வைத்தான். டிவி உயிர் பெற்று அலறியது. அப்போது என் வாயிலிருந்தும் அது வந்தது. முழுசாக வந்தது. ஆனால் அவள் அதற்குள் துண்டால் என் வாயை அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, எங்கயும் வலிக்கா?" என்று கேட்டாள்.

"யக்கா, அண்ணாச்சியே எந்திரிச்சு வந்து பேசுன மாதிரில்லா இருந்துச்சு" என்று பேராச்சி கைதட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள், சங்கரேஸ்வரியும் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்று, கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மனசுக்குள் என்ன ஓடுகிறது என்று எனக்குப் புரிந்தது. பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமைக்கு முன்னால் அவளிடம் காட்டிவிட வேண்டும் என்று நான் பாடுபட்டேன். அவளைப் பார்த்து, அவள் கண்ணைப் பார்த்துச் சொன்னேன். ஒரு தடவை தலையணையை ஏற்றி வைத்தாள். இன்னொரு தடவை தண்ணீர் கொடுத்தாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஊரில் உள்ளவன் எந்த விலைக்கு இறங்குவான் என்று மூச்சை வைத்தே கண்டுபிடிக்கிறவள், பக்கத்தில் கிடக்கிற புருஷன் பேசுவதைக் கேட்கவில்லை. அவள் எதிர்பார்ப்பதை விட்டுவிட்டாள், அதுதான் விஷயம். எதிர்பார்க்காத காதில் என்ன சொன்னாலும் முனகல்தான்.

வெள்ளிக்கிழமை போன் வந்தது. அவள் முதலில் டிவியை அணைத்தாள். ஸ்பீக்கரில், அப்பாவிடம் கொடு என்று முத்துசெல்வம் எடுத்த எடுப்பிலேயே கேட்டான். நான் இடது கையை நீட்டினேன். இந்தப் பொய் வேண்டாம் என்று நான் தடுப்பதாக நினைத்து, அந்தக் கையை மெத்தையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அப்பா? நல்லாருக்கியளா?"

"ம்... ஆமா."

அந்தப் பக்கம் என் மகன் அழுதான். "ஒங்க கொரலக் கேட்டு எவ்ளோ நாளாச்சுப்பா. சாப்ட்டியளா?" என்றான்.

அவள் ஆமா என்றாள். நானும் சொன்னேன். டேய், இது நான்டா, நீ என் மகன்டா, உனக்குத் தெரியாதா என்று அத்தனையையும் அந்த ஒரு வார்த்தைக்குள் போட்டு, உடம்பில் இருந்த மூச்சையெல்லாம் கூட்டிச் சொன்னேன். அவளுடையதைவிடச் சத்தமாகவே வந்தது.

அந்தப் பக்கம் முத்துசெல்வத்தின் அழுகை நின்றது. கேட்டுவிட்டான் என்று நினைத்தேன்.

"அப்பா, அந்த டிவியக் கொஞ்சம் கொறைக்கச் சொல்லுங்க. என்னமோ எரைச்சல் வந்து ஒங்க பேச்ச மறைக்கு."

டிவி அணைந்து கிடந்தது. சங்கரேஸ்வரி அதைப் பார்த்தாள். பிறகு மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். என் கையைப் பிடித்திருந்த பிடி தளர்ந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது. இந்தச் சில நாளாக நான் முனகியதெல்லாம் என்ன என்று அவள் கண்ணில் ஒவ்வொன்றாக வந்து நின்றது. போனை என்னிடம் நீட்டினால் அவளுடைய பொய் மொத்தமும் உடையும், நீட்டாவிட்டால் இனி எப்போதும் நீட்ட முடியாது. அவன் அங்கே காத்திருந்தான்.

"கொறச்சாச்சாப்பா?"

கண்ணீர் வழிய என்னைப் பார்த்துக்கொண்டே அவள் என் குரலில் ஆமா என்றாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.