சிவப்பு அம்பு

அத்தான் கையெழுத்துப் போட ஆஸ்பத்திரிக் கவுன்ட்டர் பக்கம் போனதும், அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு அடியிலிருந்து அக்காவின் பையைத் தங்கை காலால் தன் பக்கம் இழுத்தாள்.

காலையிலிருந்து இதற்குத்தான் காத்திருந்தாள். அக்கா இறந்து ஆறு மணி நேரம் ஆகிறது. உடலை மூன்று மணிக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். கையெழுத்துக்குக் கூப்பிடும்வரை அத்தான் தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. பைக்கு முன்னால் இரண்டு காலையும் சேர்த்து வைத்துக்கொண்டு, வாயில் எதையோ அடக்கிக்கொண்டவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். பையை நான் வைத்துக்கொள்கிறேன் என்று அவள் இரண்டு முறை கேட்டாள். இரண்டு முறையும் "இருக்கட்டும்மா" என்றார். பைக்குள் அக்காவின் நோட்டு இருந்தது. மடியில் கனமில்லாத மனுஷன் எதற்காக அதற்குக் காவல் இருக்கிறார்?

சந்தேகம் அவளுக்குத் தொழில். ஆயத்த ஆடை ஆலையில் பதினான்கு வருஷமாகச் செக்கிங் மேஜையில் நிற்கிறாள். கையில் எப்போதும் குட்டிக் குட்டிச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர்கள் உள்ள தாள் ஒன்று இருக்கும். தையல் விட்ட இடம், எண்ணெய்க் கறை, எதைக் கண்டாலும் அதைக் காட்டி ஒரு அம்பை ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவாள். ஏதாவது ஒரு தையல் வரிசையிலிருந்து இன்றைக்கு ஒரு சட்டையில்கூடத் தப்பில்லை என்று தகவல் வந்தால், அந்தச் சட்டைக் கட்டைத்தான் முதலில் பிரிப்பாள். யார் காதில் பூச்சுற்றுகிறார்கள்? அக்கா அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பேர் வைத்திருந்தாள்.

இன்றைக்கும் பூதக்கண்ணாடி சும்மா இருக்கவில்லை. காய்ச்சல் நாலு மணிக்கு வந்தது என்றாள் நர்ஸ்; சார்ட்டில் ஐந்து பத்து என்று எழுதியிருந்தது. உள்ளே போட்ட தையலில் கசிவு, எவ்வளவோ பார்த்தோம் என்று சொன்ன சர்ஜன், சொல்லும்போது அவர்கள் தலைக்கு மேலே இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். அவருடைய உதவி டாக்டரை வராந்தாவில் மடக்கி, இந்த மாதிரி இரண்டாவது ஆபரேஷன் உங்கள் சார் இதுவரை எத்தனை செய்திருக்கிறார் என்று கேட்டாள். அவன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு, "இது நாலாவது" என்றான்.

நாலாவது. இப்படிப்பட்ட ஆளிடம் அக்காவைக் கொண்டுவந்து சேர்த்தது யார்? எந்த நூலைப் பிடித்து இழுத்தாலும் அது அத்தானிடம்தான் போய் நின்றது. அத்தான் லிஃப்ட் மெக்கானிக். இந்த ஆஸ்பத்திரி லிஃப்ட் அவர் பொறுப்பு. வாட்ச்மேன் முதல் மேனேஜர் வரை எல்லாரும் அவருக்குப் பழக்கம். லிஃப்டைப் பழுது பார்க்க வந்த இடத்திலேயே பெண்டாட்டியையும் பழுது பார்த்துவிடலாம் என்று நினைத்திருப்பார்.

அக்கா டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இரைப்பையைச் சின்னதாக்கும் ஆபரேஷன் செய்துகொண்டாள். பாதியாக இளைத்தாள். நாலைந்து வருஷத்தில் எடை மறுபடி ஏறியது, கூடவே நெஞ்செரிச்சலும் வந்து ஒட்டிக்கொண்டது. படுத்தால் எரியும் என்று உட்கார்ந்தே தூங்கினாள். கடைசியில் சீட் பெல்ட் எட்டவில்லை. "பெல்ட் போடுன்னு சொல்றவளுக்கே பெல்ட் எட்டல" என்று சொல்லி அவளே சிரிப்பாள். பழைய ஆபரேஷனைச் செய்த டாக்டர் இப்போது தொழிலை விட்டுவிட்டதால் இரண்டாவது ஆபரேஷனுக்கு வேறு ஆளைத் தேட வேண்டியிருந்தது. ஒரு நோட்டு வாங்கி, டாக்டரிடம் கேட்க ஏழு கேள்விகள் எழுதிவைத்தாள். பார்க்கப் போனது இரண்டு டாக்டர்களை. அத்தானுக்கு வேலை இருந்ததால் இரண்டு இடத்துக்கும் தங்கை இவள்தான் துணைக்குப் போனாள்.

அவர்களில் முதல் டாக்டருக்கு வயது அறுபதுக்கு மேல். கேள்விகளைப் படிக்கச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் நின்று நிதானமாகப் பதில் சொன்னார். ஒரு முறை தைத்ததைப் பிரித்துத் தைப்பது லேசுப்பட்ட வேலை இல்லை என்றார். அது அவளுக்கும் தெரியும். பிரித்த துணியில் பழைய ஊசி ஓட்டை அப்படியே இருக்கும். இதுவரை எத்தனை, யாருக்காவது ஏதாவது ஆனதா என்று அக்கா கேட்டாள்.

"நூத்திப் பன்னெண்டு பண்ணியிருக்கேன். ஆறு பேருக்குக் கசிஞ்சுது. ரெண்டு பேரைக் காப்பாத்த முடியல" என்றார் அவர். பிழைத்த ஒருவரின் போன் நம்பரையும் எழுதிக் கொடுத்தார், பேசிப் பாருங்கள் என்று.

தங்கைக்கு அந்த ஆளைக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. வெளியே வந்ததும், ரெண்டு பேர் செத்ததை வாய் கூசாமல் சொல்கிறாரே என்றாள். இந்த ஆஸ்பத்திரி சர்ஜனான இரண்டாமவர் கேள்விகளுக்கே இடம் கொடுக்கவில்லை. "என் கையில இதுவரைக்கும் ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆனதில்லம்மா, தைரியமா வாங்க" என்று சிரித்தார். ஒரு வாரத்தில் அக்கா அவரிடம் தேதி வாங்கிவிட்டாள். யார் சொல்லி வாங்கியிருப்பாள்? வேறு யார் சொல்லியிருக்க முடியும்?

அவள் நோட்டைத் திறந்தாள். கவுன்ட்டரில் அத்தான் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

முதல் டாக்டரின் பக்கத்தில் ஏழு பதிலும் அக்காவின் சாய்ந்த கையெழுத்தில் இருந்தன. 'ரெண்டு பேர்' என்று எழுதியிருந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஒட்டியிருந்தது.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அக்காவின் மடியிலிருந்து நோட்டைப் பிடுங்கி அதைத் தானே ஒட்டியது ஞாபகம் வந்தது. "டாக்டரையே ரிஜெக்ட் பண்ணிட்டியாடி" என்று அக்கா சிரித்ததும் ஞாபகம் வந்தது. அம்புக்குக் கீழே அக்கா எழுதியிருந்தாள்: 'வீட்டுக்காரர் இவர்கிட்டயே போகலாம்கிறார். உள்ளதைச் சொல்ற ஆளாம். பூதக்கண்ணாடி வேண்டாம்கிறா. அவ கண்ணுக்கு எதுவும் தப்பாது. அவ சொன்ன ரெண்டாவது டாக்டரே.'

இரண்டாவது டாக்டருக்கான அடுத்த பக்கத்தில் ஒன்று முதல் ஏழு வரை எண் மட்டும் போட்டிருந்தது. எதற்கு நேராகவும் பதில் இல்லை.

பதினான்கு வருஷத்தில் ஒரு நாள்கூட தப்பே இல்லை என்று வந்த கட்டைப் பிரித்துப் பார்க்காமல் அவள் விட்டதில்லை. நகத்தால் அம்பைச் சுரண்டினாள். அது முழுதாக வராமல், தாளையும் கொஞ்சம் பிய்த்துக்கொண்டு முனை மட்டும் வந்தது.

எதிரே அத்தானின் செருப்பு தெரிந்தது. அவளால் தலையைத் தூக்க முடியவில்லை.

"நான் அந்தப் பக்கத்தைக் கிழிச்சிருக்கணும்" என்றார் அவர். "அவ கையெழுத்தாச்சே. மனசு வரல."

நோட்டை வாங்கிப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தார். பையைப் பழையபடி நாற்காலிக்கு அடியில் தள்ளி, அதற்கு முன்னால் இரண்டு காலையும் சேர்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். உடல் வர இன்னும் அரை மணியாகும் என்றார். அவள் சரி என்றாள்.

கட்டைவிரல் நகத்தில் அம்பின் சிவப்பு முனை ஒட்டிக்கொண்டிருந்தது. ஆள்காட்டி விரலால் தள்ளினாள். அது இந்த விரலை விட்டு அந்த விரலுக்குப் போய் ஒட்டிக்கொண்டது.