செல்வி முறுக்கிய ஆறு கம்பிகள்

எதற்கும் அடங்காத பங்க் இசை வாசிக்கும் ‘வெட்டுக்கிளி’ குழு சங்கரன்கோவிலில் வாசித்தது ஒரே ஒரு தடவை. ஆடித்தபசுத் திருவிழா சமயம். கேட்டவர்கள் நாற்பது பேர். மூன்றாவது பாட்டில், காது வலிக்கிறதென்று மைக்செட் சண்முகையா ஒயரைப் பிடுங்கிவிட்டார். ஏழு வருடம் கழித்து, சென்னையில் நான்கு குழுக்கள் வெட்டுக்கிளியைக் கேட்டுத்தான் கிடார் எடுத்தோம் என்று யூடியூபில் சொல்லின. அன்று நேரில் கேட்டதாகச் சொல்லிக்கொண்ட நாற்பது பேர் நாலாயிரம் பேரானார்கள். ஊரில் பாராட்டு விழா ஏற்பாடானது; விழாக்குழுத் தலைவர், அதே சண்முகையா.

மாரிராஜ் அந்தக் குழுவின் டிரம்மர். கிடார் வாசித்துப் பாடியவள் அவன் மனைவி இசக்கிச்செல்வி. அவள் இறந்து பதினோரு மாதம். விழா ஃபிளெக்சில் அவள் தபால்தலை அளவு. சண்முகையா ஆள் உயரம்.

செல்வி கம்பிகளை யாரும் வைக்காத சுருதியில் முறுக்குவாள். எழுதிவைத்ததில்லை. கடைசியாக முறுக்கியது ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய காலையில். அதன்பின் மாரிராஜ் கிடார் உறையைத் திறக்கவில்லை. அந்தச் சென்னைக் குழுக்களில் ஒன்றிலிருந்து விழாவுக்கு வரும் நியாஸ் அகமது அந்தச் சுருதியைப் பதிந்துகொள்வதாகச் சொன்னதால்தான் கிடாரைச் சண்முகையாவிடம் முன்கூட்டியே கொடுத்தான்.

“அண்ணாச்சி, கம்பிய மட்டும் யாரும் தொடக்கூடாது.”

“ஏலே, சாமி சிலை மாதிரி பாத்துக்கிடுதேன்.”

அப்படியே செய்திருந்தார். விழா மேடையில் கிடாருக்கு மாலை, சந்தனம், குங்குமம். பக்கத்தில் கல்யாணக் கச்சேரி கீபோர்டு மாஸ்டர் கண்ணன், பூரிப்போடு.

“மாரி, ஆறு கம்பியும் ஒண்ணுக்கொண்ணு பகையால்லா கெடந்துச்சு! சுத்தமா சுருதி சேத்து வச்சிட்டேன்.”

“ஒரு மணி நேரம் மெனக்கெட்டிருக்காருவே,” என்றார் சண்முகையா.

மாரிராஜ் ஒரு கம்பியைத் தட்டினான். சுத்தமாகத்தான் ஒலித்தது. கடையில் தொங்கும் எந்தக் கிடாரும் அப்படி ஒலிக்கும்.

நியாஸ் பதிவுசெய்யப் போனை நீட்டினான். “அண்ணா, இதுதான் அக்காவோட சுருதியா?”

“இல்ல. இது மாஸ்டரோடது. அவளோடது போயிட்டு.”

“ஏலே, மெதுவாச் சொல்லு,” என்று பல்லைக் கடித்த சண்முகையா, மைக்கை எடுத்து முழங்கினார். “அன்புத் தங்கை செல்வி வைத்த சுருதி, வைத்தபடியே!”

கைதட்டல். மாரிராஜ் மாலையைக் கழற்றிக் கண்ணன் கையில் கொடுத்துவிட்டு, கிடாரோடு மேடையை விட்டு இறங்கினான். கைதட்டல் கூடியது. போன்கள் உயர்ந்தன.

“இதாம்ல பங்க்கு!” என்றது ஒரு குரல்.

மண்டபத்துக்கு வெளியே, வெயிலில் நின்று ஒரு முறுக்காணியைத் தளர்த்தினான். எவ்வளவு தளர்த்த வேண்டும் என்று தெரியவில்லை.