மெரூன் தூரி

சுப்பையனின் தோட்டத்துச் சாளை வெகுகாலமாகப் பூட்டிக் கிடந்த வீடு. ஓட்டில் பாதியைக் காணோம், வாசல் முழுக்க முள் மண்டிக் கிடந்தது. அதில் குடியேறப் போகிறோம் என்று முனீஸ் சொன்னதும் மண்ணரையில் அவன் குடியிருந்த லைன் வீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். அவன் மனைவி ஜோதிகா சிரிக்கவில்லை. அந்த ஓட்டை வீடு அவளுக்கு வேண்டியிருந்தது. மகள் தேஜஸ்ரீ மூச்சு விடுவதற்காக வேண்டியிருந்தது.

லைன் வீடு என்பது ஒரே அறை. கீழே கட்டிங் செக்‌ஷன், பக்கத்தில் தையல் யூனிட். கதவைச் சாத்தினாலும் பஞ்சுத்தூசி எப்படியோ உள்ளே வந்து சோற்றுப் பானையில்கூடப் படியும். ஆறு வயதுப் பிள்ளைக்கு வாரம் தவறாமல் வீசிங். மருந்தால் பாதிதான் ஆகும், மீதிக்கு இடத்தை மாற்றுங்கள் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். முனீஸ் தயங்கித் தயங்கித் தன் பனியன் கம்பெனி முதலாளியிடமே போய் நின்றான்.

"சும்மா கெடக்குற ஊடுதானே கண்ணு, இருந்துக்க" என்றார் சுப்பையன். "பாழாப் போகாமப் பாத்துக்கிட்டாப் போதும்."

தை பிறந்ததும் குடி வந்தார்கள். வாரம் முழுக்க ஓவர்லாக் மிஷினில் குனிந்து கிடக்கிறவன், ஞாயிற்றுக்கிழமை வந்தால் பேய் பிடித்தவன் மாதிரி ஆகிவிடுவான். ஊரே பிரியாணி தின்றுவிட்டுக் குறட்டை விடும் நேரத்தில் இவன் கொத்துக்கரண்டியோடு நிற்பான். மாசியில் ஓடு மாற்றினான். பங்குனியில் கோழிக்கூடு கட்டினான். கோழி உள்ளே போக வழி வைத்தவன், கை விட்டு முட்டை எடுக்க வழி வைக்கவில்லை. ஜோதிகா ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சித்திரையில் வேப்பமரத்தடியில் பெரிய துவைக்கிற கல்லை உருட்டி வந்து போட்டான். நிழலில் நின்று துவைக்க வேண்டும் என்று கேட்டவள் அவள்தான். போர் தண்ணீர் உப்பு. நட்ட கத்தரியும் தக்காளியும் கருகின, முருங்கை மட்டும் பிடிவாதமாக நின்றது. பிள்ளையும் அதே மாதிரி தேறினாள். மூச்சுக்கு இழுக்கிற மருந்து பஃப் அலமாரியில் கிடந்து தூசி படிந்தது. வீட்டில் எல்லாவற்றையும் துடைக்கிற ஜோதிகா அந்தத் தூசியை மட்டும் துடைக்கவில்லை. பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு குளிர்ந்தது.

இந்தப் பக்கத்தில் ஆடி நோம்பிக்குப் பிள்ளைகளுக்கு மரத்தில் தூரி கட்டுவார்கள். ஊஞ்சல்தான், பெயர்தான் வேறு. பள்ளிக்கூடத்தில் யாரோ சொன்னதைக் கேட்டுவிட்டு வந்து தேஜஸ்ரீ சித்திரையிலிருந்தே தூரி தூரி என்று உயிரை எடுத்தாள். கடையில் போய்க் கயிறு வாங்க முனீசுக்கு மனசு வரவில்லை. தலையணை முதல் மிதியடி வரை வேஸ்ட் துணியிலேயே செய்துகொள்கிற பனியன்காரனுக்கு அது கௌரவக் குறைச்சல். கம்பெனியில் ஒரு மெரூன் ரோல் ஒதுங்கிக் கிடந்தது. சாயப்பட்டறையிலிருந்து வந்தது, கலர் சேரவில்லை என்று தள்ளியிருந்தார்கள். முதலாளியிடம் கேட்டான். எடுத்துக்க என்றார்.

துணியைப் பிரித்ததும் புளித்த வாடை அடித்தது.

"என்னங்க, வாடை ஒரு மாதிரியா இருக்கு. அலசிப் போட்டுருவமா?" என்றாள் ஜோதிகா.

"பனியன் துணிய நனைச்சா சுருங்கிரும்லா. நீளம் பத்தாமப் போயிரும்" என்றான் முனீஸ்.

அவளும் அதே கம்பெனியில் செக்கிங் பார்க்கிறவள். தைக்காத பனியன் துணியைத் தண்ணீரில் போடுவது அவள் கைக்கும் வராத காரியம். சரி என்றுவிட்டாள். முப்புரியாகப் பின்னினார்கள். தையல் பிரிகிறதா என்று பார்க்கிற மாதிரி அவள் இரண்டு கையாலும் வெடுக்கென்று இழுத்துப் பார்த்தாள். முனீஸ் தொங்கியே பார்த்தான். அசையவில்லை. வைகாசியில் வேப்பங்கிளையில் தூரி ஏறியது.

"தொவைக்கிற கல்லு கிட்டத்துல இருக்கே" என்றாள் ஜோதிகா.

"அடுத்த ஞாயித்துக்கெழம நகத்திருவோம்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேறு வேலை வந்தது. ஆனியில் காற்று தொடங்கி, கோழிக்கூட்டின் தகரத்தைப் பிடுங்கிக்கொண்டு போனது. தேஜஸ்ரீ கத்திக்கொண்டே அதைத் துரத்திக் காடு முழுக்க ஓடினாள். திரும்பி வந்தவளைப் பிடித்து நிறுத்தி, ஜோதிகா அவள் முதுகில் காதை வைத்தாள். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. அன்றைக்கு அவள் சந்தோஷத்தில் அழுதாள்.

ஆடிப் பதினெட்டன்று சுப்பையன் குடும்பத்தோடு தோட்டத்துக்குப் பொங்கல் வைக்க வந்தார். அவர்கள் புளியமரத்தில் நைலான் தூரி கட்டியிருந்தார்கள். ஆனாலும் பேத்தி ஜனனி மெரூன் தூரியைத் தேடி வந்துவிட்டாள்.

"இதுதானுங்கக்கா மெத்துனு இருக்குது" என்றாள் ஜோதிகாவிடம்.

ஆடிக்கொண்டிருந்த தேஜஸ்ரீ இறங்கி இடம் கொடுத்தாள். பின்னால் நின்று தள்ளியும் விட்டாள். ஜோதிகா வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கம்பெனியில் நாள் முழுக்கக் கேட்கிற சத்தம்தான் கேட்டது, துணி கிழிகிற சத்தம். நிமிர்ந்தபோது ஜனனி கல்லின் மேல் கிடந்தாள்.

ஜோதிகா ஓடினாள். பொங்கல் பானையை விட்டுவிட்டு ஜனனியின் அம்மா அபிராமியும் ஓடி வந்தாள். வாசலிலிருந்து மரம் கிட்டத்தில்தான் என்பதால் முதலில் போய்ச் சேர்ந்தவள் ஜோதிகா. கல்லில் கிடந்த பிள்ளையைத் தாண்டிப் போய், மரத்தடியில் சும்மா நின்ற தன் மகளை அள்ளினாள். தலையைத் தடவினாள், கையைத் தடவினாள். "எம்பிள்ளைக்கு ஒண்ணுமில்ல" என்று வாய்விட்டே சொன்னாள். அதற்குப் பிறகுதான் திரும்பிப் பார்த்தாள்.

ஜனனிக்குத் தொடை எலும்பும் இடுப்பும் முறிந்திருந்தன. கோயமுத்தூரில் ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டாள், ஆனால் கால் கட்டையாகத்தான் இருக்கும் என்றார்கள். அறுந்த முனையை முனீஸ் விரலால் தேய்த்தான். நூல் மாவாக உதிர்ந்தது. சாயப்பட்டறையில் ஆசிட்டைச் சரியாக அலசாமல் அனுப்பிய துணி, வெயில் படப் பட வெந்துபோயிருக்கிறது என்றார் கட்டிங் மாஸ்டர். நல்ல தண்ணீரில் நாலு தடவை அலசியிருந்தால் ஆசிட் போயிருக்குமாம்.

முனீஸ் முதலாளி காலில் விழுந்தான். "உம்மேல என்ன தப்பு கண்ணு, துணி நம்ம கம்பெனித் துணிதானே" என்று அவர் தூக்கிவிட்டார். வேலையும் போகவில்லை. வீடும் தங்கிவிடும் என்று ஜோதிகா நம்பினாள். நம்பியதற்கே அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

ஆவணியில் அபிராமி தனியாக வந்தாள். கொடுத்த தண்ணீரைக் குடித்தாள். பேச்சில் கோபமே இல்லை.

"கவுறு அந்துபோறது ஆருக்கும் நடக்குமுங்க. மாமா அதத்தான் சொல்றாரு, நானும் அதத்தானுங்க சொல்றேன்."

ஜோதிகா காலிச் சொம்பை வாங்கிக்கொண்டாள்.

"ஆனா எம்புள்ள கல்லு மேல கெடந்தா. நீங்க அவளத் தாண்டிப் போனீங்க. நான் பாத்துட்டேன்."

"அக்கா…"

"உங்க எடத்துல நானா இருந்தாலும் அப்படித்தாஞ் செஞ்சிருப்பேனோ என்னமோ. அது தெரிஞ்சும் மனசு ஆறலீங்க. தோட்டத்துக்கு வர்றப்பல்லாம் உங்க மூஞ்சியப் பாக்க எனக்கு ஆகாதுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க. வேற ஊடு பாத்துக்குங்க."

"சரிங்கக்கா" என்றாள் ஜோதிகா.

மறுபடி மண்ணரை. அதே லைனில் கடைசி அறை கிடைத்தது. கோழிகளைத் தோட்டத்திலேயே விட்டுவிட்டு வந்தார்கள். ஐப்பசி மழையில் ஜன்னலைத் திறக்க முடியவில்லை, பஞ்சும் ஈரமும் சேர்ந்து அறைக்குள்ளேயே நின்றன. தீபாவளிக்கு முன்பே பிள்ளைக்கு இழுப்பு வந்தது. பஃப் இப்போது தலைமாட்டிலேயே இருக்கிறது, தூசி படிய விடாமல் எடுத்து எடுத்துப் பளபளப்பாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் முனீஸ் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறான். அப்படிப் படுத்திருந்த ஒரு மத்தியானம் அவன் திரும்பாமலேயே கேட்டான்.

"நீ அந்தப் பிள்ளைய முதல்ல தூக்கியிருந்தா, அவங்க நம்மளப் போகச் சொல்லியிருக்க மாட்டாங்கல்லா?"

ஜோதிகா அதைப் பலமுறை யோசித்துவிட்டாள். அபிராமியின் முகம் ஞாபகம் வரும்போதெல்லாம் வெட்கத்தில் உடம்பு கூசுகிறது. ஜனனி நொண்டி நடப்பதை நினைத்தால் சோறு இறங்குவதில்லை. அப்படியும் பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"இன்னொரு தடவ அந்து விழுந்தாலும் நா இவளத்தான் தூக்குவேன்" என்றாள்.

அவள் மகளைத் தூக்கி மடியில் போட்டு, முதுகில் காதை வைத்தாள். உள்ளே விசில் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.