உவர் எண்டால் ஆர்?

படத்தில் அக்காக்காரி அழத் தொடங்கி எவ்வளவோ நேரமாகிவிட்டது. இன்னும் முடித்தபாடில்லை. காதலித்தவனைத் தங்கைக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, தூணைக் கட்டிப் பிடித்து அழுகிறாள். அவனோ வெட்கம் கெட்டு மாப்பிள்ளைக் கோலத்தில் சிரிக்கிறான். இந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தை வருடம் தவறாமல் தொலைக்காட்சியில் போட்டுவிடுகிறார்கள். அம்மாவும் முடிவு தெரியாதவர் மாதிரி ஒவ்வொரு தடவையும் சீலைத் தலைப்பை நனைப்பார்.

"பாத்துக்கொண்டிருக்க என்ரை வயிறு பத்தி எரியுது," என்றார் அம்மா.

எனக்கும் எரிந்தது, வேறு காரணத்துக்கு. மறுநாள் ஞாயிறு. குருநகரில் எங்கள் கோயிலில் எனக்கும் ஜெரிசனுக்கும் இரண்டாம் ஓலை. இன்னாரை இன்னார் கட்டப்போகிறார், தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று பங்குச் சுவாமி மூன்று ஞாயிறு பூசையில் வாசிப்பார். முதல் ஓலைக்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை. வீட்டில் ஆயிரம் வேலை கிடக்கிறது. மாப்பிள்ளை ஒரு பை கணவாய் மீனோடு வந்து என் பக்கத்துக் கதிரையில் குந்திவிட்டார். அம்மா அவரை இருத்திப் படம் காட்டுகிறார். அக்கா மேர்சி எங்களுக்கு எதிரே நிலத்தில் சட்டியை வைத்துக்கொண்டு கணவாய் துப்புரவாக்கிக்கொண்டிருந்தாள். கையெல்லாம் கறுப்பு மை.

விளம்பரம் வந்தது. அம்மா சத்தத்தைக் குறைத்தார். இனிச் சவர்க்காரத் தூள் விற்று முடிய விடிந்துவிடும்.

"அவளுக்கு வாயில்லையோ?" என்றேன். "'என்னைத்தான் முதல் விரும்பினவன்' எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் படம் அப்பவே முடிஞ்சிருக்கும். நானும் போய் உலையை வைச்சிருப்பன்."

"சொன்னால் தங்கச்சியின்ரை வாழ்க்கை என்னாகிறது? அதுதான் தியாகம்," என்றார் அம்மா.

"தியாகமாம்! விசர்க்கதை."

"அவள் சொன்னாலும் ஆர் நம்பிறது?" கணவாய் ஓட்டை உருவிக்கொண்டே அக்கா சொன்னாள். "அவன் தனக்கு ஒண்டும் தெரியாதெண்டுதான் சொல்லுவான். உவர் கோயிலிலை நிண்டும் சத்தியம் பண்ணுவார்."

உவர்.

எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் இது தெரியும். அவர் என்றால் தூரத்தில் இருப்பவர். இவர் என்றால் சொல்கிறவளின் பக்கத்தில் இருப்பவர். உவர் என்றால் கேட்கிறவளின் பக்கத்தில் இருப்பவர். படத்தில் வருகிறவன் இவ்வளவு நேரமும் வெறும் 'அவன்'தானே? சவர்க்காரத் தூள் ஓடுகிற நேரத்தில் அவனுக்கு மரியாதையும் கொடுத்து என் பக்கத்தில் கொண்டுவந்து இருத்தியது யார்? என் பக்கத்தில் இருந்தது ஜெரிசன். அவருடைய தேத்தண்ணி களிசானில் சிந்தியது.

"அக்கா, உவர் எண்டால் ஆர்?"

"வாய் தடக்கிட்டுது."

"லவீனா, நீர் படத்தைப் பாரும்," என்று ஜெரிசன் சிரிக்கப் பார்த்தார்.

"எந்தப் படம்? சவர்க்காரத் தூளையோ பாக்கச் சொல்லுறியள்? அக்கா, கேக்கிறன், ஆர்?"

அக்கா வாயைத் திறக்கப் போனாள். அவர் முந்திக்கொண்டார். "மேர்சி, நீர் சும்மா இரும்!"

அவ்வளவுதான். சம்பந்தம் பேசிய நாளிலிருந்து அக்கா அவருக்கு 'மச்சாள்'. 'நீங்கள்' தவிர வேறு பேச்சில்லை. 'நீர்' எனக்கு மட்டும். அந்த ஒரு சொல்லை மடியில் கட்டிக்கொண்டு திரிந்தேனே, மடைச்சி!

"எவ்வளவு காலமா?" என்று அக்காவைக் கேட்டேன்.

அவள் நிமிரவில்லை. "ரெண்டு வருசம். வீட்டிலை சொல்லிக் கேட்டு வாறன் எண்டவர். நான் உவரிலும் ஒரு வயது மூப்பெண்டு உவற்றை தாய்க்குப் பிடிக்கேல்லை, உன்னைக் கேட்டு வந்திட்டா. உவர் வாயே திறக்கேல்லை. நீ சந்தோசமாய்த் திரிஞ்சாய். நான் என்னத்தைச் சொல்ல?"

"சுவாமி ஓலை வாசிக்கேக்கை என்ரை பக்கத்திலை, ஒரே வாங்கிலைதானே இருந்தனி! உன்னை ஆர் தியாகம் செய்யச் சொல்லிக் கேட்டது? நீ செத்த பிறகு எனக்குத் தெரியவந்து, நான் உன்ரை படத்துக்கு முன்னாலை மெழுகுதிரி கொழுத்தோணுமோ?" எனக்கு அழுகை வந்தது. அழுகிறேனே என்று கோபமும் வந்தது.

அம்மா எழுந்து யன்னலைச் சாத்தினார். "சத்தம் போடாதை! முதல் ஓலை வாசிச்சாச்சு, மண்டபமும் சொல்லியாச்சு. ஊர் சிரிக்கும். அவளே பொறுத்துக்கொண்டிருக்கிறாள், உனக்கென்ன?"

அம்மாவின் முகத்தில் துளி ஆச்சரியமும் இல்லை. அதை அப்போதுதான் கண்டேன்.

"உங்களுக்குத் தெரியுமோ?"

அம்மா சாத்திய யன்னலின் கொளுக்கியைத் திரும்பவும் இழுத்துப் பார்த்தார்.

"அந்தப் பெட்டிக்குள்ளை இருக்கிறவளுக்கு வருசா வருசம் அழுறியள். இவள் நீங்கள் பெத்தவள், அம்மா. உங்கடை காலடியிலை இருந்து கணவாய் வெட்டுறாள்!"

படம் திரும்ப வந்தது. தூணைப் பிடித்தவள் விட்ட இடத்திலேயே நின்று அழுதாள். ஒருவரும் பார்க்கவில்லை.

"நான் என்ன செய்யிறது, என்ரை அம்மாவின்ரை சொல்லுத்தானே," ஜெரிசன் முனகினார். "இப்பவும் ஒண்டும் கெட்டுப் போகேல்லை. மேர்சி ஓமெண்டால் வீட்டிலை திரும்பக் கதைச்சுப் பாக்கிறன்."

என்ன லேசாகச் சொல்லிவிட்டார்! பஸ்ஸில் சீற் மாறி இருக்கிறதாக நினைப்பு. நான் செருப்பைத் தேடினேன்.

"சுவாமியிட்டைப் போறன். நாளைக்கு என்ரை பேர் வாசிக்கக் கூடாது. அக்கா, உனக்கு வேணுமெண்டால் இப்பவே சொல்லு. உன்ரை பேரை வாசிக்கச் சொல்லுறன். நான் குறுக்கை நிக்கமாட்டன்."

சொல்லி முடிக்க எனக்கே கேட்டது. நானும் படத்து வசனம்தான் பேசிக்கொண்டு நிற்கிறேன்.

அக்கா எழுந்தாள். கணவாய்ச் சட்டியைக் குடலும் மையுமாகத் தூக்கி ஜெரிசனின் மடியில் வைத்தாள். கையைக் கழுவக்கூட இல்லை.

"நில்லடி, நானும் வாறன்," என்றாள். "உவன் ஆருக்கு வேணும்?"