நாலு விநாடித் தெரு

ஆரணியில் ஜாக்கெட் தைக்கும் திலகவதிக்கு அம்மா முகம் தெரியாது. இவள் பிறந்த மூன்றாம் மாதமே அம்மா இறந்துபோனாள். ஒரு போட்டோகூட இல்லை. அப்பா வீட்டை விற்றுக் களம்பூருக்குப் போய்விட்டார். மிச்சம், வளர்த்த அத்தை சொன்ன ஒரு சேதி. தெருவில் சினிமா எடுத்தபோது அம்மா வாசலில் குடத்தோடு நின்றாளாம், அது படத்திலும் வந்ததாம். இன்று அப்பாவும் இல்லை, அத்தையும் இல்லை.

யாரும் சீண்டாத பழைய படங்களையெல்லாம் போனில் ஓடவிட்டு, கொக்கி தைத்துக்கொண்டே இரண்டு வருஷம் தேடினாள் திலகவதி. கிடைத்தது நாலே விநாடி. கோடியில் கோபுரம், இருபக்கமும் ஓட்டு வீடுகள். கோபுரத்தைப் பார்த்து நின்றால் இடப்பக்கம் மூன்றாவது வீடு அவர்களுடையது. அந்த வாசலில் குடத்தோடு ஒருத்தி வாய் நிறையச் சிரித்தாள். எதிர்வாசலில் குடத்தோடு இன்னொருத்தி முதுகைக் காட்டியபடி கதவைத் தள்ளி உள்ளே போனாள். முதுகை யார் பார்த்தார்கள்? சிரித்தவளைச் சட்டம் போட்டு, பூ வைத்து, தினம் பேசவும் தொடங்கிவிட்டாள்.

ஒன்றுதான் உறுத்திற்று. படத்தில் கிணறு இடப்பக்கம் இருந்தது. தெருக்காரர்களோ வலப்பக்கம் என்றார்கள். ஓட்டு வீடுகள் போய்ப் பவர்லூம் ஷெட்டும் மாடியுமாக மாறிவிட்ட தெருவில் எதை வைத்துச் சரிபார்ப்பது? ஊருக்கே ஞாபகமறதி என்று முடிவுகட்டினாள். ஆனாலும் அம்மா நின்ற இடத்தில் ஒருதரம் நின்றுவிட வேண்டும் என்ற ஆசை விடவில்லை.

அந்த ஆசையில் அன்று தெருவுக்குப் போனவள், வலப்பக்க வீடொன்றில் கைத்தறி நெய்துகொண்டிருந்த குப்புராஜிடம் போனை நீட்டினாள்.

“கெணறா? எங்க ஊட்டு பக்கம்தாங்கா. இப்பகூட ஸ்லாப் போட்டு மூடிதான் கீது.” அவன் படத்தையே உற்றுப் பார்த்தான். “ஜன்னல்ல ஒருத்தன் நெய்யுறான் பாருங்க. இன்னாக்கா, எடக்கையால நாடா இழுத்துகினு கீறான்?”

“அதுக்கு இன்னா இப்போ?”

“குறுக்கு நூல ஓட்டுற நாடாக் கவுறு சோத்தாங்கைலதாங்க இழுப்போம். அந்தக் கைக்குத்தான் தோதா கட்டியிருக்கும். இந்தப் படத் துண்டை எடம் வலமா மாத்திப் போட்டுட்டானுங்க.”

திலகவதி போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். சிரிப்பவளின் முந்தானையைப் பார்த்தாள். அது வலத்தோளில் கிடந்தது. நாள் முழுக்க ஜாக்கெட் தைக்கிறவள், அந்த முகத்தைத் தாண்டி ஒருநாளும் தோளைப் பார்த்ததில்லை.

சுவரில் தொங்கிய கண்ணாடிக்கு முன் போனைப் பிடித்தாள். கிணறு வலப்பக்கம் போயிற்று. முந்தானை இடத்தோளுக்கு வந்தது. சிரித்தவள் எதிர்வீட்டுக்காரியாகிவிட்டாள்.

“அந்த ஊட்ல அப்போ யாரோ வாத்தியார் குடும்பம் வாடகைக்கு இருந்துச்சாம்” என்றான் குப்புராஜ்.

யாரையோ பெற்ற அம்மாவிடமா இத்தனை நாள் அழுதோம்? முதுகைக் காட்டியவளைக் கண்ணாடியிலேயே மறுபடி ஓடவிட்டாள். நாலு விநாடியிலும் அவள் திரும்பவேயில்லை. வலது இடுப்பில் குடம். இடக்கையால் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

திலகவதிக்கு அத்தை நினைவுக்கு வந்தாள். எங்கள் குடும்பத்தில் இல்லாத இடக்கைப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்டு அத்தை அடிக்காத நாள் உண்டா? இன்றைக்கும் கத்தரிக்கோல் பிடிப்பது அந்தக் கைதான். போனைப் பிடித்திருப்பதும் அதே கைதான்.

“மூஞ்சி தெர்லியேக்கா” என்றான் குப்புராஜ் பாவமாக.

“போனா போவுது” என்றாள் திலகவதி. “கை தெரியுதே.”