லெத்ராஸ் உச்சியில் ஒரு ஹாரன்

கீழ் வளைவில் ஹாரன் அலறியது. விட்டு விட்டு அல்ல, ஒரே மூச்சாக.

லெத்ராஸ் கணவாயின் உச்சியில், பனிமூட்டம் கதவு வரை வந்து நின்ற கடைக்குள் ஒவிதியோ துள்ளி எழுந்தான். பாலாடைக்கட்டி மிதந்த வெல்லப்பானம் மேசையில் சிந்தியது.

"அண்ணன் மட்டும்தான் பாக்கி, வந்துட்டாரு. தட்டை எடுங்கப்பா."

பெரெய்ரா நகரச் சந்தைக் கடைக்காரர்கள் ஆண்டுதோறும் சைக்கிளில் இந்த மலைத்தொடரைக் கடப்பார்கள். முடியாமல் போய் யாராவது பின்னால் வரும் துணை வண்டியில் ஏறிவிட்டால், ஓட்டுநர் தொரிபியோ ஹாரனை அழுத்தியபடியே மேலே வருவார். முன்பே வந்து சேர்ந்தவர்கள் இரண்டு வரிசையாக நின்று தட்டில் கரண்டியால் தட்டி வரவேற்பார்கள். ஏறியவர் அன்றைய சாப்பாட்டில் பூப்போட்ட ஏப்ரன் கட்டிக்கொண்டு எல்லோருக்கும் சூப் பரிமாற வேண்டும். போன வருஷம் பரிமாறியவர் ஒவிதியோவின் அண்ணன் அனிபால். அப்போது எடுத்த படத்தைப் பெரிதாக்கித் தங்கள் இறைச்சிக் கடையில் மாட்டியவன் ஒவிதியோ. எலும்பு வாங்க வருகிறவர்கள்கூட, சூப் எப்போ தயாராகும் என்று அனிபாலைக் கேட்டுவிட்டுத்தான் போனார்கள். அவரும் சிரித்துக்கொண்டே வெட்டுவார்.

வண்டி பனியைக் கிழித்துக்கொண்டு வந்தது. தட்டுகள் முழங்கின. ஒவிதியோ ஏப்ரனைத் தோளில் போட்டுக்கொண்டு வரிசையின் முன்னால் நின்றான். வண்டி நின்ற பிறகும் தொரிபியோ ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

பின் இருக்கையில் அனிபால் ஒருக்களித்துக் கிடந்தார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. மருந்துக்கடைக்காரி லிகியா உள்ளே குனிந்து அவர் கழுத்தில் விரல் வைத்தாள். வெகுநேரம் வைத்திருந்தாள். பிறகு ஹெல்மெட்டின் வாரை மெதுவாக அவிழ்த்தாள்.

கரண்டிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. கடைசியாக ஓய்ந்தது ஒவிதியோவின் கரண்டி.

தொரிபியோ திக்கித் திக்கிச் சொன்னார். பால் கேன்கள் வைக்கும் திண்டில் அனிபால் உட்கார்ந்திருந்தாராம். ஏறச் சொன்னபோது தலையை ஆட்டி, மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறேன், நீ போ என்றாராம். இவரும் கொஞ்சதூரம் போயிருக்கிறார். மனசு கேட்காமல் திரும்பி வந்தபோது அந்தத் திண்டுக்குக் கீழே கிடந்தாராம்.

"ஆஸ்பத்திரி இந்தப் பக்கம்தான் கிட்டன்னு மேல ஏத்திட்டு வந்தேன். வழி விடுறதுக்குத்தான் ஹாரன் அடிச்சேன், ஒவிதியோ. வழி விடுறதுக்கு."



காலையில் பாதி ஏற்றத்தில், பாதுவா ஊரில் சோள ரொட்டியான அரேப்பா சாப்பிட நின்றபோது அனிபால் தன் அரேப்பாவைக் கடிக்காமல் தட்டிலேயே வைத்திருந்தார். உள்ளங்கை நெஞ்சை நீவிக்கொண்டிருந்தது. ஒவிதியோ அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு, எல்லோர் காதிலும் விழும்படிதான் கேட்டான்: "என்னண்ணே, ஏப்ரனைத் துவைச்சு வைக்கச் சொல்லட்டுமா?" மேசையே குலுங்கிச் சிரித்தது. அனிபாலும் சிரித்தார். நின்றுகொண்டிருந்த வண்டியை ஒருமுறை பார்த்தார். பிறகு எழுந்துபோய் சைக்கிளை எடுத்தார்.

லிகியா தன் மழைக்கோட்டை எடுத்து அவர் முகத்தையும் மூடிப் போர்த்தினாள். வீட்டுக்குச் சொல்லணுமே என்று யாரோ முணுமுணுத்தார்கள். எல்லோரும் ஒவிதியோவைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்கள்.

கடைக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியருகில்தான் சிக்னல் கிடைக்கும். தோளில் கிடந்த ஏப்ரனைக் கீழே வைக்கவும் தோன்றாமல் அவன் அங்கே போனான்.  அண்ணன் வீட்டு எண்ணை அழுத்தினான்.

மறுமுனையில் எண்ணெய் பொரியும் சத்தம் கேட்டது. யாரையோ அடுப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டு நூபியா பேச வந்தாள்.

"அண்ணி..." என்றான்.

அவள் சிரித்தாள்.

"என்ன தம்பி, உங்கண்ணன் வண்டியில ஏறிட்டாராக்கும்? ரொம்பக் கிண்டல் பண்ணாதீங்க. நெஞ்சு வலிச்சா ஏறிடணும்னு நான்தான் சத்தியம் வாங்கிட்டு அனுப்பினேன்."