துடக்கு வீட்டில் ஒரு நேர்த்தி

2024ஆம் ஆண்டு செப்ரெம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், தெல்லிப்பழைக்குக் கிழக்கே ஒரு தோட்டக் கிராமத்தில் இறந்துபோன கனகலிங்கத்தின் எட்டுச் செலவு நடந்தது. படையலுக்கென்று ஒரு முழுப் போத்தல் சாராயம் வாங்கப்பட்டிருந்தது.

எட்டாம் நாள் படையலில் இறந்தவருக்கு விருப்பமானது எதுவும் குறையக்கூடாது. ஆட்டிறைச்சிக் கறி, நண்டுக் குழம்பு, பொரித்த மீன், ஒரு கட்டுச் சுருட்டு எல்லாம் தயாராக இருந்தன. போத்தலைக் கனகலிங்கத்தின் தம்பி தியாகராசா தானே போய் வாங்கி வந்து, விறாந்தை மேசையில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்திருந்தார். அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. படைத்த சாராயத்தின் முதல் மிடறு மூத்த மகனுக்கு. அவன் எடுத்த பிறகுதான் போத்தல் மற்றவர்களிடம் போகும். கனகலிங்கம் தன் தகப்பனுக்கு அப்படித்தான் செய்தார். மூத்த மகன் பிரகலாதன் சித்திரை மாதத்திலிருந்து குடிப்பதில்லை என்பது வந்திருந்த எல்லோருக்கும் தெரியும். ஏன் குடிப்பதில்லை என்பதும் தெரியும் என்றுதான் அவர்கள் நினைத்திருந்தார்கள்.

குசினியில் இறைச்சிச் சட்டியைக் கிளறிக்கொண்டிருந்த அவனுடைய மனைவி பிரியந்தினி ஒருத்திக்கு மட்டும் உண்மை தெரியும்.

பிரகலாதன் தண்ணீர் இறைக்கும் மெசின் திருத்துகிறவன். வெங்காயக் காலத்தில் கைநிறைய வேலை. ஒவ்வொரு தோட்டத்திலும் வேலை முடிந்தால் ஒரு கால் போத்தல். அவன் குடித்துவிட்டு யாரையும் அடித்ததில்லை. வீட்டுக்கு வரும் ஒழுங்கையில் விழுந்து கிடப்பான். மகள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வேறு பாதையால் சுற்றி வரப் பழகியிருந்தாள். அதைக் கண்டுபிடித்த கிழமைதான் பிரியந்தினி தன்னோடு படித்த பிரசாந்தியிடம் போனாள். பிரசாந்தி மருந்துக்கடையில் வேலை செய்தாள். குடியை நிறுத்தும் குளிசையைக் கொடுக்கும்போது கடைக்கு வெளியே கூட்டிவந்து சொன்னாள்: "இது உடம்பிலை இருக்கேக்கை குடிச்சால் தாங்காது. சத்தி எடுக்கும், நெஞ்சு இடிக்கும். கூடக் குடிச்சால் ஆள் செத்தும் போகலாம். நிப்பாட்டினாலும் ஒண்டு ரெண்டு கிழமைக்கு உடம்பிலை நிக்குமடி. கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போய், அவருக்குச் சொல்லித்தான் குடுக்கவேணும். களவாக் குடுக்கிறது பிழை." பிரியந்தினி ஓம் என்றாள். கிளினிக் வாசலில் இருந்தால் ஊர் காணும் என்று அவன் வரமாட்டான். அவள் குளிசையைப் பொடியாக்கிக் காலைத் தேநீரில் கலந்தாள்.

அதே கிழமை பிரகலாதன் தொண்டைமானாற்றுக்குப் போய்ச் சந்நிதி முருகனுக்கு நேர்த்தி வைத்தான், இனித் தொடமாட்டேன் என்று. முன்பும் வைத்திருக்கிறான். அன்று பின்னேரமே வழக்கம்போலக் குடித்தான். குடித்த கொஞ்ச நேரத்தில் முகம் செம்பரத்தம்பூப் போலச் சிவந்து, மூச்சு முட்டி, கிணற்றடியில் விழுந்து சத்தி எடுத்தான். அவள் அவன் தலையைப் பிடித்துக்கொண்டு, செத்துவிடுவானோ என்று நடுங்கியபடி இருந்தாள். கண் திறந்தவன் சொன்னான்: "முருகன் அடிச்சுப்போட்டான், பிரியா. நேரை வந்து நெஞ்சிலை அடிச்சுப்போட்டான்."

அவள் அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுத்த நாள் அவன் அந்தக் கதையைத் தகப்பனுக்குச் சொன்னான், பிறகு ஊருக்கே சொன்னான். அவன் முகத்தில் சதை வைத்தது. மகள் அவனுடைய மோட்டார் சைக்கிளில் ஏறிப் பள்ளிக்கூடம் போனாள். ஆடியில், தன்னோடு குடித்துத் திரிந்த சுதாகரனையும் சந்நிதிக்குக் கூட்டிக்கொண்டு போய் நேர்த்தி வைக்கச் செய்தான். சுதாகரன் நான்கு நாள் குடிக்காமல் நின்றுவிட்டுத் திரும்பவும் தொடங்கினான். "அவனுக்கு நம்பிக்கை காணாது" என்றான் பிரகலாதன். அதற்குப் பிறகு சுதாகரனின் மனைவியைச் சந்தையில் கண்டால் பிரியந்தினி வேறு பக்கம் திரும்பினாள்.

கனகலிங்கம் ஒருவர்தான் அந்தக் கதையை விரும்பவில்லை. வருடக்கணக்காகப் பின்னேரங்களில் மகனோடு மெசின் கொட்டிலில் இருந்து குடித்தவர் அவர். "என்னோடை இருந்து ஒரு வாய் எடுக்கமாட்டியோடா?" என்று கடைசி மாதங்களில் கேட்டார். மகன் மாட்டேன் என்றான். பிறகு அவர் தனியாக இருந்து குடித்தார். ஒருநாள் காலை எழும்பவில்லை.

செத்த வீட்டில் ஒழுங்கை முழுக்கப் போத்தலும் ஆட்களுமாக இருந்தது. பயத்தில் அவள் ஒரு நாளும் குளிசையை விடவில்லை. இன்று காலையும் கலந்திருந்தாள்.

மத்தியானத்திலிருந்து அவள் வழி தேடினாள். மாமியார் இரத்தினம்மாவிடம் போய், சாராயத்தை ஒரு சிரட்டையில் மட்டும் ஊற்றிப் படைத்தால் போதாதா என்று கேட்டாள். "உயிரோடை இருக்கேக்கைதான் மகன் முகம் குடுக்கேல்லை. செத்த பிறகும் அந்த மனுசனுக்கு அளந்து வைக்கச் சொல்லுறியோ?" என்றார் இரத்தினம்மா. பிரகலாதனின் தங்கையைக் கட்டிய மயூரதன் வாழையிலை வெட்டிக்கொண்டு நின்றான். அவனிடம் சொன்னாள், முதல் மிடறை நீங்கள் எடுங்கோ அண்ணை என்று.

"நான் வந்தான் வரத்தான், தங்கச்சி. எனக்கு என்ன உரிமை?" என்று சிரித்தான் மயூரதன். "அதோடை, முதல் மிடறு எண்டால் சின்ன மிடறு. பிறகு வாறதுதான் எனக்கு நல்லது."

இருட்டத் தொடங்கும் மைம்மலில் விளக்கேற்றினார்கள். மாலை போட்ட படத்துக்கு முன்னால் தலைவாழையிலையில் எல்லாம் படைக்கப்பட்டது. தேவாரம் பாடி முடிந்தது. தேங்காய் உடைத்த தண்ணீர் தரையில் ஓடிக் காய்வதற்குள் தியாகராசா போத்தலைத் திறந்து கிளாஸில் அரைவாசிக்கு ஊற்றிப் படத்துக்கு முன்னால் வைத்தார். எல்லோரும் கும்பிட்டார்கள். பிறகு அவர் கிளாஸை எடுத்து நீட்டினார்.

"இந்தா தம்பி. உன்ரை அப்பாவின்ரை பங்கு."

பிரகலாதன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "சித்தப்பா, நான் நேத்தி வைச்சனான். உங்களுக்குத் தெரியும்."

"தெரியாமலே கதைக்கிறன்? இது செத்த துடக்கு வீடடா. முப்பத்தொண்டாம் நாள் முடியுமட்டும் நீ கோயில் வாசலை மிதிக்க ஏலாது. விபூதி வாங்க ஏலாது. அந்த முருகன் உன்ரை முகத்தையே பார்க்கமாட்டான். நீ அவனுக்கு ஒண்டும் செய்ய ஏலாத நாளிலை, அவன்ரை நேத்தி மட்டும் எப்பிடி நிக்கும்?"

"அதுவும் சரிதான்" என்று யாரோ பின்னால் சொன்னார்கள்.

"சந்நிதியான் இண்டைக்கு லீவு, மச்சான்" என்றான் மயூரதன். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

பிரியந்தினி குசினி வாசலில் நின்றாள். கணவனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் அவள் எதிர்பார்த்த கோபம் வரவில்லை. நெற்றி தளர்ந்தது. தோள் இறங்கியது. பாரம் தூக்கி நடந்தவனுக்கு யாரோ சுமைதாங்கியைக் காட்டியது போல இருந்தது. அவன் படத்தைப் பார்த்தான். படத்திலிருந்த மனிதர் தன் அடையாள அட்டைக்கு எடுத்த முகத்தோடு, எதையும் கேட்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சேருங்கோ, வேண்டாம்" என்றாள் பிரியந்தினி.

"ஒரு வாய்தானேயப்பா" என்றான் அவன், திரும்பாமல். "அப்பா கேக்கேக்கை குடுக்கேல்லை."

"நாளைக்கும் ஒரு வாய் எண்டுதான் வரும்."

"பிள்ளை, இது ஆம்பிளையளின்ரை விசயம். நீ போய் சோத்தைப் பார்" என்றார் தியாகராசா.

பிரகலாதன் கிளாஸை வாங்கினான். அரைக் கிளாஸ். ஒரு மிடறோடு நிற்கமாட்டான். நின்றவனாக அவள் அவனை ஒருநாளும் கண்டதில்லை. கிணற்றடியில் கைக்குள் கிடந்த தலையின் சூடு அவளுக்கு ஞாபகம் வந்தது. ஓடிப்போய்த் தட்டிவிட்டால் இன்னொன்று ஊற்றுவார்கள். கிளாஸ் அவன் வாய்க்குப் போனது.

"நான் குளிசை போட்டனான்!"

தன் குரல் அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. வாசலில் செருப்புக் கழற்றிக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்தார்கள்.

"என்ன குளிசை?" என்றான் பிரகலாதன்.

"குடியை நிப்பாட்டுற குளிசை. உங்கடை தேத்தண்ணியிலை போட்டனான். அது உள்ளுக்கு இருக்கேக்கை குடிச்சால் நெஞ்சு நிண்டுபோம்."

"என்ரை பிள்ளைக்கு மருந்து வைச்சனியோ!" இரத்தினம்மா எழும்பிவிட்டார். "பாவி, சோறு போட்ட கையாலை மருந்து வைச்சனியோ!"

"கொஞ்சம் பொறணை அம்மா." அவன் சத்தம் போடவில்லை. "எப்பையிலை இருந்து?"

"சித்திரையிலை இருந்து."

"அண்டைக்குக் கிணத்தடியிலை?"

"ஓம்."

"அப்ப அது முருகன் இல்லை."

விளக்குத் திரி ஒருமுறை படபடத்தது. தியாகராசா கையை நீட்டினார். அவர் குரல் மாறியிருந்தது. "தம்பி, வை. கிளாஸை வை. நான் இதை அறியேல்லை மோனே. வைச்சிடு."

பிரகலாதன் வைக்கவில்லை. கிளாஸை வாய்க்குக் கிட்டவே பிடித்திருந்தான். வாசனை அவனுக்குப் போயிருக்கும். அவள் இரண்டு அடி முன்னால் வந்து, அதற்கு மேல் வராமல் நின்றாள். அவன் அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் குடிக்கவேண்டும் என்ற ஆசை இருந்தது, ஆனால் அது மட்டும் இருக்கவில்லை. ஐந்து மாதம் ஊருக்குச் சொல்லித் திரிந்த கதையை அவன் முதலிலிருந்து திரும்பச் சொல்லிப் பார்ப்பது போல இருந்தது.

"எல்லாருக்கும் சொன்னனான்" என்றான். "எல்லாருக்கும்."

பிறகு குனிந்து, கிளாஸை இலையில் வைத்தான்.

சாப்பாட்டுக்கு முன்னால் கழிப்புக் கொண்டுபோக வேண்டும். படைத்ததில் ஒவ்வொரு பங்கு எடுத்துப் பனையோலைப் பெட்டியில் போட்டு, ஒழுங்கை முடிகிற முச்சந்தியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வரவேண்டும். கொண்டுபோகிறவனோடு ஒருவரும் போகக்கூடாது, பின்னால் நின்று பார்க்கவும் கூடாது. பிரகலாதன் பெட்டியை எடுத்தான். சோறு வைத்தான், கறி வைத்தான், சுருட்டு வைத்தான். பிறகு போத்தலை அப்படியே எடுத்துப் பெட்டிக்குள் நிறுத்தினான்.

"முழுப் போத்தலுமோ?" என்று மயூரதனின் வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது.

ஒருவரும் சிரிக்கவில்லை. பிரகலாதன் படலையைத் திறந்துகொண்டு இருட்டுகிற ஒழுங்கையில் இறங்கினான்.

"ஆரும் பின்னாலை போங்கோவன்" என்றாள் பிரியந்தினி. ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கழிப்புக்குப் பின்னால் போனால் செத்தவர் கூட வந்துவிடுவார் என்பது அவர்கள் சின்ன வயதிலேயே கேட்ட பயம். தியாகராசா கதிரையில் இருந்துவிட்டார். அவள் படலை வரைக்கும் ஓடினாள். அங்கே படலைத் தூணைப் பிடித்துக்கொண்டு, வெளியே எட்டிப் பார்க்காமல், காதை மட்டும் கொடுத்து நின்றாள். ஒரு நாய் குரைத்தது. எங்கோ மோட்டார் இறைக்கும் சத்தம். சந்திக்குப் போய்வர எடுக்கும் நேரம் கடந்தது. இன்னும் கொஞ்சம் கடந்தது. விழுகிற சத்தம் கேட்கிறதா என்று அவள் கவனித்துக்கொண்டிருந்தாள்.

செருப்புச் சத்தம் கேட்டது. அவன் வெறுங்கையோடு வந்தான். அவளைக் கடந்து கிணற்றடிக்குப் போய் வாளியில் அள்ளிக் காலைக் கழுவினான். அவள் கிட்டப் போய் நின்றாள். மூச்சில் மணம் வருகிறதா என்று அவள் பார்ப்பது அவனுக்குத் தெரிந்தது. வாயைத் திறந்து அவள் முகத்தில் ஊதினான். ஒன்றுமில்லை.

"சுதாகரன்ரை மனிசிக்கு நான் இனி என்னத்தைச் சொல்ல?" என்றான்.

அவள் அழுதாள். அவன் வாளியைக் கிணற்றுக் கட்டில் வைத்தான்.

"கிளினிக் எந்த நாள்?"

"வியாழன்."

வியாழக்கிழமை இருவரும் தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்கு ஒரே பஸ்ஸில் போனார்கள். அவன் முன்னால் இருந்தான், அவள் பின்னால். கிளினிக் வாசல் வாங்கில் அவனுக்குத் தெரிந்த இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவன் தலையாட்டினான், மற்றவன் பார்க்காத மாதிரி இருந்தான். பெயரைக் கூப்பிட்டபோது பிரகலாதன் எழும்பினான். அவளும் எழும்பினாள்.

"நீர் இதிலை இரும்" என்றான்.

அவன் உள்ளே போனான். கதவு சாத்தப்பட்டது. அவள் வாங்கில் இருந்தாள்.